பண்டிகைச் சேவல்

அருமைநாயகம் மிக்ஸி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். புதன்கிழமைதோறும் ஆயர் செல்வராணி நடத்திய வேதபாட வகுப்பில் முதல் வரிசையில் அமர்வார். ஆயரம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆயினும் அவருடைய சொல்லை அருமைநாயகம் ஒருநாளும் தட்டியதில்லை.

அன்றைய பாடம், வருமானத்துக்குள் வாழ்வதைப் பற்றியது. வகுப்பு முடிந்ததும் அருமைநாயகம் தயங்கி நின்றார்.

“வீட்டுச் செலவைக் குறைக்கலாம், ஆயரம்மா. கர்த்தருக்காகச் செய்கிற செலவுக்கும் அளவு உண்டா?”

“எந்தச் செலவைக் கேட்கிறீர்கள்?”

“ஞாயிற்றுக்கிழமை ஏலம் வருகிறதே.”

“அங்கேயே பதில் சொல்கிறேன்” என்றார் ஆயர்.

அறுப்பின் பண்டிகையன்று, சபையார் படைத்த காய்கனிகளும் கோழிகளும் ஆலய வளாகத்தில் ஏலம் விடப்படும். எடுப்பவரின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். சென்ற ஆண்டு சேவலை எடுத்தவர், அருமைநாயகத்தின் மைத்துனர் தங்கையா. அந்தப் பெயர் அன்று ஊர் முழுவதும் கேட்டது. அருமைநாயகத்தின் காதில் மட்டும் ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டும் சேவலுக்கு அவர்கள் இருவரே மிஞ்சினர்.

“மூவாயிரம்!” என்றார் அருமைநாயகம்.

“மூவாயிரத்து ஐந்நூறு!” என்ற தங்கையா, “என்ன அத்தான், மிக்ஸி சுத்துறது நின்னுபோச்சா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

அருமைநாயகத்தின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. அதில் இருந்தது மகள் பெர்லினின் செவிலியர் தேர்வுக் கட்டணம். அதைக் கட்டுவதற்கு மறுநாளே கடைசி நாள். பெண்கள் பக்கத்தில் நின்ற மனைவி ஞானப்பூ, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருதரம்…” என்று இழுத்தார் ஏலம் விட்ட மூப்பர்.

ஆயர் கூட்டத்தினூடே வந்து அருமைநாயகத்தின் அருகில் நின்றார்.

“எவ்வளவு கேட்கப் போகிறீர்கள்?” என்றார் தாழ்ந்த குரலில்.

“ஐயாயிரம்.”

“நல்லது. அதை என்னிடம் கொடுங்கள். பெயர் சொல்லாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். கர்த்தருக்கு முழுவதும் போய்ச் சேரும். சேவலைத் தங்கையா எடுத்துக்கொள்ளட்டும்.”

“பெயர் சொல்லாமலா?”

“ஆம்.”

“சேவலும் இல்லாமலா?”

“உங்களுக்குச் சேவலா வேண்டும்?”

“இரண்டுதரம்…”

அருமைநாயகத்தின் சட்டைப்பைக்குள் போன கை, வெறுங்கையாக வெளியே வந்தது.

“மூன்றுதரம்!”

தங்கையாவின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கிற்று. அவர் சேவலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். வாலிபர்கள் விசிலடித்தார்கள். சேவல் மட்டும் மிரண்டு சிறகடித்தது.

கூட்டம் கலைந்தபின் அருமைநாயகம் ஆயரிடம் வந்தார்.

“அது பெர்லினுடைய தேர்வுக் கட்டணம், ஆயரம்மா.”

“ஞானப்பூவின் முகத்தைப் பார்த்தேன். ஏதோ ஒன்று என்று தெரிந்தது.”

“காலையில் கட்டிவிடுவேன். ஆனாலும், பண்டிகையும் அதுவுமாகக் கர்த்தருக்கு ஒன்றுமே கொடுக்காமல் வீட்டுக்குப் போகிறேனே.”

“ஒன்றுமே கொடுக்கவில்லையா?” என்று கேட்டார் ஆயர். “மைத்துனரை ஜெயிக்க விட்டீர்களே, ஐயா. இந்தச் சபையில் அதை இதுவரை ஒருவரும் படைத்ததில்லை.”