மூலைக்குப் பொருந்தாத பட்டை

வேலங்குடி அரசன் செங்கோடன் சதுரமான மண்டபம் ஒன்று கட்டினான். தரையின் ஓரத்திலும், மூலைக்கு மூலை குறுக்காகவும் ஒரே நீளமுள்ள செப்புப் பட்டைகளைப் பதிக்க வேண்டும். எதையும் வெட்டக் கூடாது என்பது ஆணை. கொத்தன் நீலன் பதித்தான். ஓரத்தில் கச்சிதமாகப் பொருந்திய பட்டைகள், குறுக்கே போனபோது கடைசியில் இடைவெளி விட்டன.

"பட்டையின் அளவைக் குறைத்துச் செப்பைத் திருடிவிட்டான்!" என்று சீறிய அரசன் அவனைச் சிறையில் தள்ளினான். நீதி கேட்டு வந்த நீலனின் மனைவி வெண்ணியிடம், "ஓரத்திலும் குறுக்கேயும் மிச்சமின்றிப் பொருந்தும் சரியான அளவைக் கொண்டு வா. அன்றே விடுகிறேன். இது என் வாக்கு" என்றான்.

வெண்ணி கணக்கறிந்தவள். எத்தனையோ அளவுகளைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. ஏன் பொருந்தாது என்பதும் அவளுக்கு விளங்கியது.

அரண்மனைக் கணக்கன் இளநாகன் அவளைத் தனியே அழைத்தான். "ஓரத்துக்கு எழுபது பட்டை, குறுக்கே தொண்ணூற்றொன்பது. கடைசிப் பட்டை மயிரிழை அளவு நீளும். அரத்தால் தேய்த்துவிடுகிறேன். அரசருக்குத் தெரியாது. உன் கணவன் வீடு திரும்புவான், அம்மா."

"திருடன் என்ற பெயரோடுதானே திரும்புவார்? சரியான அளவு ஒன்று இருந்தால், அவர் போட்டது தப்பு என்றாகிவிடாதா?" என்று அவள் வெடித்தாள்.

நேரே சபைக்குப் போனாள். "அரசே, அப்படி ஓர் அளவே கிடையாது! குறுக்கு எண்ணிக்கையின் வர்க்கம், ஓர எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல் இருமடங்காக வேண்டும். அப்படியானால் குறுக்கு எண் இரட்டைப்படை; அதன் வர்க்கம் நான்கால் வகுபடும், ஆகவே ஓர எண்ணும் இரட்டைப்படை. இரண்டையும் பாதியாக்குங்கள், அதே உறவுதான், மறுபடியும் இரட்டைப்படைதான். ஒரு முழு எண்ணை எத்தனை காலம் பாதியாக்கிக்கொண்டே போவீர்கள்?"

அரசனின் முகம் சிவந்தது. "அளவைக் கொண்டு வந்தால் விடுவேன் என்றேன். நீ கொண்டு வரவில்லை. நான் வாக்கு மாறமாட்டேன்."

வாக்கைப் பிடித்துக்கொண்ட அரசன், பொய்யால் விடுதலை தர முன்வந்த இளநாகன், விடுதலையை உதறி உண்மையைச் சொன்ன வெண்ணி. இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: வெண்ணி செய்ததே சரி. முழு எண்கள் எல்லாம் பின்னங்களுக்குள் அடங்கும். மூன்று என்பது மூன்றின் கீழ் ஒன்று. ஆனால் எல்லா நீளங்களும் பின்னங்களுக்குள் அடங்குவதில்லை. சதுரத்தின் ஓரத்தை எந்தப் பின்னத்தால் பெருக்கினாலும் மூலைவிட்டம் வராது. இளநாகனின் எண்கள் அதை நெருங்கும், தொடாது. அவன் பொய் சிறையைத் திறந்திருக்கும், பழியை நிலைநிறுத்தியிருக்கும். இல்லாத ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஒருவனை அடைத்து வைப்பதற்கு வாக்குத் தவறாமை என்று பெயரில்லை, கொடுமை என்றுதான் பெயர். அன்று சபையில் இளநாகனே தலைகுனிந்து அவள் கணக்கை ஒப்புக்கொண்ட பிறகுதான் சிறைக்கதவு திறந்தது. மண்டபத்தை முடித்துத் தரும்படி அரசன் நீலனிடம் கேட்டான். "வேறு ஆளைப் பாருங்கள்" என்று வெண்ணி சொல்லிவிட்டுக் கணவனை அழைத்துக்கொண்டு வெளியேறினாள்.