குடத்துல அள்ளுன அலை

ஒரு ஊர்ல ஒரு ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கமும் கடல், இந்தப் பக்கமும் கடல். சிரிக்காத, ராமேஸ்வரம் போற வழியில அப்படித்தான். தெக்குக் கடலு ஆண் கடலு, எந்நேரமும் தொம்மு தொம்முன்னு கரையில வந்து விழும். வடக்குக் கடலு பெண் கடலு, தாம்பாளத்துல ஊத்துன தண்ணியாட்டம் சிவனேன்னு கெடக்கும். ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

தெக்குக் கரையில நாகவள்ளின்னு ஒருத்தி இருந்தா. வடக்குக் கரையில அவ தங்கச்சி பூமயிலு. ரெண்டு பேருக்கும் ஒரே அண்ணன், மதுரையில வேலை. அண்ணன் மக பவளம், உன் வயசுதான், உன்ன மாதிரியே வாயாடி. கோடை லீவு விட்டா போதும், பஸ்ஸ விட்டுத் தொப்புன்னு குதிப்பா. பூமயிலு வீட்டுல எட்டிப் பாத்து, கருப்பட்டிப் பணியாரத்த வாயில அமுக்கிக்கிட்டு, குடுகுடுன்னு ரோட்டத் தாண்டிப் பெரிய அயித்தை வீட்டுக்கு ஓடிருவா. குளியல் அங்க, ஆட்டம் அங்க, படுக்கையும் அங்க.

பூமயிலுக்கு வயிறு எரியும் பாரு, அந்த நெருப்புல ஊருக்கே சோறாக்கலாம். எனக்கும் மருமகதானே அவ, ஒரு ராத்திரி என் வீட்டுல தூங்குனா என்ன கொறஞ்சு போகும்னு புருசங்கிட்டப் பொலம்புவா. அந்த மனுசன் வலையப் பிரிச்சுக்கிட்டே, அங்க அலை இருக்கு, புள்ள அதுக்குத்தான் போகுதுன்னுட்டாரு. அம்புட்டுத்தான். அலைதானே, கொண்டாந்துட்டாப் போச்சுன்னு குடத்தத் தூக்கிட்டா இவ.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணசந்த நேரம். பூமயிலு பூனை மாதிரி அக்கா கரைக்குப் போனா. ஒரு சின்ன அலையப் பாத்து மொண்டா. இடுப்புல வச்சு நடந்தா குடத்துக்குள்ள தளக் புளக், தளக் புளக். ரோட்டுக்கு வந்ததும் அலை எட்டிப் பாத்துச்சு. இது நம்ம வீடு இல்லையேன்னு ஒரே தாவு. சர்ர்ருன்னு மணல்ல வழுக்கித் தெக்கயே ஓடிருச்சு.

அப்புறம் என்ன பண்ணுனா? மறுநாளு குடத்து வாயத் துணியால இறுக்கக் கட்டி இன்னொண்ணக் கொண்டாந்துட்டா. வடக்குக் கடல்ல ஊத்துனா. அந்த அலை மெத்துன்னு இருந்த தண்ணியில காலை நீட்டிச்சு, கொட்டாவி விட்டுச்சு, கொர்ர்னு தூங்கியே போச்சு. இவ குச்சியால குத்துறா, எந்திரிப்பேனாங்குது.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி.

மூணாவது நாளு, இருக்குறதுலயே பெரிய அலைக்கிட்டப் போயி நைச்சியமாப் பேசுனா. இங்க உன்ன யாரு மதிக்கிறா, எங்க கரைக்கு வா, ஊரே உன்னப் பாக்கக் காத்துக் கெடக்குன்னு புளுகுனா. அலையும் மயங்கிக் குடத்துல ஏறிருச்சு. ஆனா அலை எப்பவும் ஒண்ணு பின்னால ஒண்ணாத்தானே போகும்? அப்போ பின்னாடியே இன்னொண்ணு, அது பின்னாடி இன்னொண்ணுன்னு அத்தனையும் வரிசை கட்டி ரோட்டத் தாண்டி வடக்க வந்துருச்சு. தொம்மு! தொம்மு! தெக்குக் கடலு சத்தம் ஓஞ்சு சப்புன்னு ஆயிருச்சு.

பூமயிலுக்குத் தலைகால் புரியல. பணியாரம் சுட்டா, புதுப் பாயி விரிச்சா, வாசல்லயே நின்னா. வெயில் சாஞ்சிருச்சு, புள்ளயக் காணோம். தேடிக்கிட்டுப் போனா, அலையே இல்லாத அந்தக் கடல்ல நாகவள்ளி இடுப்பளவு தண்ணியில உக்காந்திருக்கா. அவ முதுகுல பவளம் தொத்திக்கிட்டு, தப்பு தப்புன்னு தண்ணிய அடிச்சுக் கெக்கெக்கேன்னு சிரிக்குது. பூமயிலு முகத்துல ஈயாடல. அடக்க மாட்டாமக் கேட்டுட்டா:

"அலையெல்லாம் இப்ப எங்க கரையிலதான் இருக்கு. அப்பவும் ஏன்டி இங்கயே கெடக்குற?"

பவளம் திரும்பிப் பாத்து, "பெரிய அயித்தை எங்கூட நனையும். நீ கரையிலேயே நிப்ப"ன்னுச்சு.

பூமயிலுக்கு அக்கா மேல கோவமா வந்துச்சு, தன்மேல அதவிடக் கோவமா வந்துச்சு. நல்ல சேலை வேற கட்டியிருந்தா. கட்டுனா என்ன, தொபுக்கடீர்னு தண்ணியில விழுந்துட்டா. வடக்க போன அலையெல்லாம் வேடிக்கை பாக்க ஆளில்லாம ஒண்ணொண்ணாத் திரும்பி வந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி பவளம் எங்க படுத்தா? பெரிய அயித்தை வீட்டுலதான். பூமயிலும் புதுப் பாயச் சுருட்டிக்கிட்டு அங்கயே போயி, புள்ளைக்கு இந்தப் பக்கமாப் படுத்துக்கிட்டா. புள்ள தூக்கத்துல அக்கா படுத்திருந்த பக்கம் புரண்டா, அதுக்கும் அவளுக்கு வயிறு எரிஞ்சுச்சு.

கதை கரையேறிருச்சு. நீயும் கண்ண மூடு.