கயிறு இழுக்கும் ஞானசுந்தரியும் மூன்று கேமராக்களும்

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயத்துக்கு அறுபத்தொரு வயதில் போட்டோ எடுக்கும் ஆசை வந்தது. பாளையங்கோட்டையில் சுலைகா நடத்திய சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். சுலைகாவுக்கு முப்பத்து மூன்று வயது. அவர் சுலைகாவை டீச்சர் என்றார். சுலைகா அவரை அண்ணாச்சி என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை தேவசகாயம் ஒரு நோட்டோடு வந்தார். அதில் மூன்று கேமராக்களை ஒப்பிட்டு, பதினான்கு அம்சங்களுக்குக் கட்டம் போட்டிருந்தார்.

"நாலு மாசமா பாக்கேன் டீச்சர். ஒண்ணுல மெகாபிக்சல் கூட. ஒண்ணுல ஃபோகஸ் புள்ளி கூட. ஒண்ணு விலை கம்மி. இதுல எது முக்கியம்?"

"எதை எடுக்கப் போறீங்க?"

அவர் முகம் மலர்ந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க சர்ச் சபை விளையாட்டு விழா. கயிறு இழுக்கிற போட்டில எங்க வீட்டம்மா ஞானசுந்தரிதான் கடைசி ஆளு. மூணு வருசமா கீழத்தெருக்காரங்ககிட்ட தோத்துட்டாங்க. இந்த வருசம் ஜெயிச்சா அந்தப் படம் எனக்கு வேணும்."

அந்த மூன்று கேமராக்களும் மாணவர்கள் பழகுவதற்காக வகுப்பிலேயே இருந்தன. சுலைகா அவற்றை எடுத்து, பெயர் தெரியாதபடி சிவப்பு, மஞ்சள், நீல டேப் ஒட்டினார்.

"சாயங்காலம் அவங்களுக்குப் பயிற்சி உண்டா?"

"உண்டு."

"மூணையும் கொண்டு போங்க. நோட்டு இங்கயே இருக்கட்டும்."

மைதானத்தில் எட்டுப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கம், தேவசகாயத்தைத் தவிர, அவர்களுடைய கணவன்மார்கள்.

தேவசகாயம் முதலில் சிவப்பை எடுத்தார். வெயில் இறங்க இறங்கப் படம் இருட்டியது. வெளிச்சத்தைக் கூட்ட மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியிருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க! அப்படியே நில்லுங்க!"

"கயிறு எங்கயாவது நிக்குமா?" என்றாள் ஞானசுந்தரி. எட்டுப் பேரும் சிரித்ததில் பிடி நழுவியது. கணவன்மார்கள் மல்லாக்க விழுந்தார்கள்.

மஞ்சள் கனமாக இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் கழுத்திலிருந்து கழற்றிவிட்டார்.

நீலத்தில் வெளிச்சத்துக்கான சக்கரம் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு சந்தேகம் வந்து மறுபடி சிவப்பை எடுத்தார். மறுபடி மெனு. மறுபடி "நில்லுங்க!"

மறுநாள் அவர் கேமராக்களோடு வந்து நடந்ததைச் சொன்னார். சுலைகா படங்களைப் பார்க்கவில்லை.

"எதை வச்சு எடுக்கையில கத்துனீங்க?"

"சிவப்பு. ரெண்டு தடவையும்."

"நீலத்துல?"

தேவசகாயம் யோசித்தார். "ஒண்ணும் பேசல போலிருக்கு."

"போட்டிக்கு அதைக் கொண்டு போங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டியில் ஞானசுந்தரியின் அணி ஜெயித்தது. விசில் ஊதியதும் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னால் சரிந்தார்கள். ஞானசுந்தரி எல்லாருக்கும் அடியில். முகமெல்லாம் மண், வாயெல்லாம் சிரிப்பு.

திங்கட்கிழமை தேவசகாயம் நீலக் கேமராவோடும் அந்தப் படத்தோடும் வந்தார். முகம் வாடியிருந்தது.

"பாத்தீங்களா டீச்சர், பக்கத்து வீட்டு ரூபாவதி கால் கூர்மையா விழுந்திருக்கு. எங்க வீட்டம்மா முகம் லேசா மங்கல். ஃபோகஸ் புள்ளி கூட உள்ள கேமராவா இருந்தா சரியா விழுந்திருக்கும்லா?"

சுலைகா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விழுந்திருக்கலாம். வீட்ல காட்டினீங்களா?"

"காட்டினேன். பெருசாப் போட்டு முன்னறையில மாட்டணும்னுட்டா. வாரவங்ககிட்டயெல்லாம் காட்டிக்கிட்டிருக்கா."

"மங்கல்னு சொன்னாங்களா?"

"இல்ல. வேற ஒண்ணு கேட்டா. 'நீங்க எங்கேருந்து எடுத்தீங்க, மைதானத்துல உங்களைப் பாக்கவே இல்லையே'ன்னா."

"எங்க நின்னீங்க?"

"அவ தலைமாட்டுல. ரெண்டடி தள்ளி. ஒரு தடவகூட 'நில்லுங்க'ன்னு கத்தல."

சுலைகா நீல டேப்பை உரித்தார்.

"அப்ப இதையே வாங்கிருங்க, அண்ணாச்சி."