அவரவர் நடை

காலை ஆறரை மணி. மதுரைப் பயிற்சி மையத்தின் மைதானத்தில் பதின்மூன்று பேர். அவர்களில் மூத்தவர் குழந்தைவேலு, வயது ஐம்பத்து நான்கு. ஆசிரியை பெனிட்டாவுக்கு முப்பத்தாறு.

நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் படங்களை மதுரைக்குக் கொண்டுவரும் ஃபைபர் கேபிள் குழந்தைவேலுவின் பொறுப்பு. இதுவரை நடந்த இரண்டு சோதனையிலும் படம் சிதைந்து வந்தது. மூன்றாவதும் தோற்றால் அவர் கிடங்கு வேலைக்குப் போக வேண்டும். நிறுவனம் கிடங்குச் சாவியை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிட்டது.

"டீச்சர், ஒளி துண்டு துண்டாத்தான் கிளம்புது. மதுரைக்கு வரும்போது கூழாயிருது. வெளிச்சத்தைக் கூட்டிப் பாக்கட்டுமா?"

"அண்ணாச்சி, இந்த நாற்காலில உக்காருங்க. நீங்கதான் மதுரை."

மற்ற பன்னிரண்டு பேரையும் மறுகோடியில் மூன்று வரிசையாக நிறுத்தினார் பெனிட்டா. இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக, அவரவர் வேகத்தில் நடக்கவிட்டார்.

"எத்தனை வரிசை வருது?"

"வரிசையா? கல்யாண ஊர்வலம்லா வருது! அஸ்லம் மூணாவது வரிசைல நின்ன பய. முதல்ல வந்து நிக்கான்."

"ஒரு ஒளித் துண்டுக்குள்ள பல நிறம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நடை. இருநூறு கிலோமீட்டர் தாண்டினா, முன்வரிசை சோம்பேறியும் பின்வரிசை அவசரக்காரனும் ஒண்ணாக் கலந்திருவாங்க."

"வெளிச்சத்தைக் கூட்டினா?"

"ஊர்வலம் பளிச்சுன்னு தெரியும்."

குழந்தைவேலு சாவியைத் தடவிப் பார்த்தார்.

"பிரிஞ்சதைச் சேக்கவே முடியாதா டீச்சர்?"

"எந்திரிங்க. எல்லாரும் ஒரே வரிசையா நில்லுங்க. விசில் அடிச்சதும் அப்படியே திரும்பி வரணும். நடையை மட்டும் யாரும் மாத்தக் கூடாது."

நடந்தார்கள். அஸ்லம் முன்னால் பாய்ந்தான். முட்டிவலிக்காரரான குழந்தைவேலு கடைசி.

"அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள வந்துருவீங்களா?" என்று தூரத்திலிருந்து கத்தினான் அஸ்லம்.

விசில் அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். இப்போது முதலில் குழந்தைவேலு, கடைசியில் அஸ்லம்.

கிளம்பிய கோட்டைப் பதின்மூன்று பேரும் ஒன்றாகத் தொட்டார்கள்.

குழந்தைவேலு இடமும் வலமும் பார்த்துச் சிரித்தார். உடனே ஒரு சந்தேகம் வந்தது.

"எல்லாம் சரி. ஒளி மதுரைக்குல்லா போகணும்? நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்து என்ன செய்ய? பதநீர் குடிக்கவா?"

பெனிட்டா பையிலிருந்து ஒரு ஃபைபர் சுருளை எடுத்து நீட்டினார்.

"இது வேற ரகம். இதுக்குள்ள பிந்தின நிறம் வேகமாப் போகும், முந்தின நிறம் மெதுவாப் போகும். மதுரை முனைல மாட்டுங்க. திரும்பி வர வேண்டாம்."

"அப்ப முந்தி ஓடின அஸ்லம்?"

"கொஞ்சம் காத்திருப்பான். நீங்க வந்துட்டுதானே இருக்கீங்க."

ஜூலை 9, வியாழக்கிழமை, மூன்றாவது சோதனையில் படம் சிதையாமல் வந்தது. குழந்தைவேலு கிடங்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.