ராக்கப்பன் வீட்டுக் கறவை

“சாமி, கறவை வந்தா கஷ்டம் தீரும்னாங்க. எனக்குத் தீரலையே.”

ராக்கப்பன் கும்பிட்டபடி நின்றான். சின்னச்சாமியார் வயதில் அவனுக்குத் தம்பி மாதிரி. ஆனாலும் எந்தச் சிக்கலுக்கும் ஊர் ஓடுவது அவரிடம்தான்.

“என்ன தீரலை?”

“ஒரு ஏக்கர் மானாவாரி சாமி. மழை பெய்ஞ்சா கடலை, பெய்யாட்டி கடவுள். இருந்த ஆட்டையெல்லாம் வித்துத்தான் சீமைப்பசு வாங்கினேன். வர்ற பால் காசு அப்படியே புண்ணாக்குக் கடைக்குப் போயிடுது. இப்ப அதுக்கும் வந்தது வேட்டு. பாலை ஒளிக்குது. கிட்டப் போனா உதைக்குது. மடி வத்திட்டா, நிலத்தைப் போட்டுட்டுக் குடும்பத்தோட செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான்.”

யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாகிவிட்டது அவன் பிழைப்பு. பாவம், அவனும் என்னதான் செய்வான்.

“கறக்கும்போது வர்றேன்” என்றார் சாமியார்.

சாயங்காலம் வந்தார்.

பசு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. பால் வண்டி வருகிற நேரம். வாசற்படியில் ராக்கப்பன் மனைவி மயிலாயி. இடுப்பில் பெண் குழந்தை. வயது இரண்டு தாண்டியும் இன்னும் எழுந்து நிற்கவில்லை.

“கன்று எங்கே?”

“செத்துப்போச்சு சாமி.”

“எப்படி?”

ராக்கப்பன் தலையைச் சொறிந்தான். “காளைக்கன்னு. அது குடிச்சுட்டா பால் சொசைட்டிக்கு எதை ஊத்துறது? கஞ்சித்தண்ணி காட்டினேன். தாங்கலை.”

சாமியார் பசுவின் மடியைப் பார்த்தார்.

“அதுக்கும் வழி பண்ணிட்டேன் சாமி. இன்னைக்குப் பலிக்கணும்.”

கொட்டகைக்குள்ளிருந்து ஒன்றைத் தூக்கி வந்தான். செத்த கன்றின் தோலுக்கு உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்திருந்தான். பசுவின் முகத்துக்கு நேரே நிறுத்தினான்.

பசு மோந்து பார்த்தது. ராக்கப்பனுக்கு மூச்சே நின்றுவிட்டது.

பசு நக்க ஆரம்பித்தது. மடி சுரந்தது.

“வந்துடுச்சு சாமி.” அவனுக்குப் போன உயிர் திரும்பியது. ஒரு சொட்டு விடாமல் வாளியில் கறந்தான்.

நுரையைப் பார்த்துக் குழந்தை கையை நீட்டியது. அவன் வாளியைத் தள்ளி வைத்தான்.

“தள்ளிப் போ மயிலு. அளவு குறைஞ்சா தீவனத்துக்கு எங்க போறது? பாப்பாவுக்கு வரக்காப்பி போட்டுக் குடு.”

குழந்தை அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

தெருமுனையில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது. ராக்கப்பன் வாளியைத் தூக்கினான்.

சாமியார் குனிந்து வைக்கோல் கன்றைத் தடவிப் பார்த்தார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கே. வைக்கோல் மிச்சம் இருக்கா?”

“ஒரு கட்டு கிடக்கு சாமி. எதுக்கு?”

சாமியார் மயிலாயியிடம் போனார். குழந்தையின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலுக்குள் பிடித்துக்கொண்டு ராக்கப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

மயிலாயி குழந்தையை வெடுக்கென்று மார்போடு இழுத்துக்கொண்டாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. பசு இன்னும் தோலை நக்கிக்கொண்டிருந்தது.

ராக்கப்பன் வாளியைக் கீழே வைத்தான்.

“மயிலு,” என்றான், “பாப்பா டம்ளரை எடுத்துட்டு வா.”