சாணிக்குச் சொந்தக்காரன்

ஒரு ஊர்ல சீரங்காயின்னு ஒருத்தி இருந்தா, அவளுக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது. வரப்புக்குப் போவா, வாய்க்காலைப் பாப்பா, வீட்டுக்கு வருவா, வந்த வேகத்துல மறுபடியும் வரப்புக்குப் போவா. கொஞ்சம் நெல்லு நிலம், ஒரு ஜோடி காளை, ஒரு பசு, இதுதான் அவ சொத்து. மழை வந்து விதைச்சு முடிக்கிற வரைக்கும் கால் எப்படி நிக்கும், நீயே சொல்லு.

அந்த நாட்டுல நெல்லு விளையணும்னா வீட்டு மாட்டுச் சாணி வேணும், இல்லாட்டி ஆட்டுக்கிடை போடணும். அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டுக்காரங்க மந்தையை அடைச்சு வைப்பாங்க, புழுக்கை மண்ணுல இறங்கும், வயல்காரங்க பதிலுக்கு நெல்லு அளப்பாங்க. ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியும்.

அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு மச்சான், கஜபதின்னு பேரு. சாப்பிடுறதும் படுக்கிறதும்தான் அவனுக்கு வேலை. எனக்கும் ஒரு பதவி கொடுங்கன்னு தினம் தினம் ராஜாகிட்டப் புலம்பினானாம். ராஜாவும் தொல்லை விட்டாப் போதும்னு, நாட்டுல விழுற சாணி, புழுக்கை எல்லாம் இனிமே கஜபதிக்குச் சொந்தம், எடுத்தா திருட்டு, எடுத்தவனோட காளையைப் பிடிச்சுக்கலாம்னு தண்டோரா போடச் சொல்லிட்டாராம். ஊரே சிரிச்சுதாம். சாணிக்கு ஒரு ராஜாங்கமான்னு சிரிச்சுதாம்.

அப்புறம் கஜபதி ஆளுங்க கூடையோட வந்தாங்க. ஊர்க்காரங்க தொழுவத்துச் சாணியை அவங்க கண்ணு முன்னாடியே அள்ளிட்டுப் போய் மலை மாதிரிக் குவிச்சு, அவங்களுக்கே வித்தாங்க. சிரிப்பு நின்னு போச்சு.

முதல் வருஷம் ஒரு வண்டி எருவுக்கு ஒரு படி நெல்லு கேட்டான். அடுத்த வருஷம் ஒரு மரக்கால். அதுக்கடுத்த வருஷம் ஒரு மூட்டை. ஏன் ஏறிச்சுன்னு கேட்டா, ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு ராஜா சண்டை போடுறாங்களாம், அதனால ஏறிச்சாம். மாடு போடுறது இங்கே. புல்லு தின்னதும் இங்கே. சண்டை அங்கே நடந்தா இங்கே சாணிக்கு என்ன வந்துச்சு? யாரும் கேக்கலை. காளையைப் பிடிச்சிடுவாங்கன்னு பயம்.

சரி, எரு விலை ஏறினா நெல்லு விலையும் ஏறணுமா இல்லையா? ஏறாது. பட்டம் கட்டின அன்னைக்கே நெல்லு விலையை ராஜா கல்லுல வெட்டி சந்தைவாசல்ல நட்டு வச்சுட்டார். கல்லுல இருக்கிறதை யாரு மாத்துறதுன்னு பேச்சு.

இப்படியே போய், அந்த வருஷம் சீரங்காயி குதிர்ல மிஞ்சினது விதைநெல்லு மட்டும்தான். வானம் வேற கறுத்துக்கிட்டு வருது. ஓடினா கஜபதி வீட்டுக்கு. அறுப்புல தர்றேன் ஐயா, எரு மட்டும் இப்போ கொடுங்கன்னு கேட்டா.

"விதைநெல்லு இருக்குமே, அதைக் கொண்டா" என்றானாம் கஜபதி.

"விதையைக் கொடுத்துட்டு வயல்ல எதை ஐயா போடுறது?"

"அது உன் பாடு. நான் எருக்காரன், விதைக்காரனா?"

வீட்டுக்கு வந்தா. உக்காந்தா, எழுந்தா, மறுபடி உக்காந்தா. எரு இல்லாம விதைச்சா பதர்தான் வரும். விதையைக் கொடுத்தா அதுவும் வராது, நிலமே போயிடும். அப்போ வாசல்ல கட்டியிருந்த பசு சொத்துன்னு சாணி போட்டுச்சு. பழக்கத்துல அள்ளக் குனிஞ்சவ, திருட்டாச்சேன்னு கையை இழுத்துக்கிட்டா. கஜபதியோட ஆளும் வரலை. சாணி அப்படியே கிடந்துச்சு. பாத்துக்கிட்டே நின்னவளுக்குத் திடீர்னு சிரிப்பு வந்துடுச்சாம்.

நேரா ஏரிக்கரைக்குப் போனா. அங்கே இருளப்பன்னு ஒரு ஆட்டுக்காரர், கிடை போட வழியில்லாம, மந்தையையும் மத்த ஆட்டுக்காரங்களையும் வச்சுக்கிட்டுப் பட்டினியா உக்காந்திருந்தார். அவர் காதுல என்னமோ சொன்னா. "தாயி, உனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்" என்று சொல்லிட்டு அவரும் கம்பை எடுத்துக்கிட்டு எழுந்தாராம்.

மறுநாள் சீரங்காயி தன் பசுவைக் கஜபதி வீட்டுப் படியிலே கட்டினா. உங்க பொருள் எங்க வாசல்ல விழுந்தா பாவம் ஐயா, அதான் இங்கேயே விழட்டும்னு கட்டினேன்னு சொன்னா. அவனுக்குச் சந்தோஷம், அள்ளுற கூலி மிச்சம்னு. அதுக்கு மறுநாள் ஊர்க் காளையெல்லாம் வந்து முற்றத்துல நின்னுச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு, சரி என்னோடதுதானேன்னான். அதுக்கும் மறுநாள், தூறல் விழும்போது, இருளப்பன் மந்தை வந்துச்சு பாரு. முற்றத்துல, கூடத்துல, பூஜை அறையில, அவன் படுக்கிற கட்டில் மேல கூட ஆடு. தோட்டத்துல ஒரு இலை மிச்சமில்லை. வழுக்கி வழுக்கி விழுந்து, எழுந்து, ராஜாகிட்ட ஓடினானாம்.

ராஜா மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு வந்தார். என்னம்மா இது அக்கிரமம்னு கேட்டார்.

"விழுறதெல்லாம் அவருக்குச் சொந்தம்னு நீங்கதான் தண்டோரா போட்டீங்க, மகாராஜா. அடுத்தவர் சொத்தை நாங்க எப்படி வீட்ல வச்சுக்கிறது? ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உள்ளே போற வைக்கோல் எங்களோடது, வெளியே வர்ற சாணி மட்டும் அவரோடதா?"

ராஜா யோசிச்சார். நியாயம்தான். மச்சானைப் பாத்து, "உன்னோடதுன்னா இன்னைக்கிலிருந்து இத்தனைக்கும் தீனி நீதான் போடணும். சொல்லு, உன்னோடதா?" என்றார்.

கஜபதி ஆடுகளைப் பாத்தான், காளைகளைப் பாத்தான், கட்டிலைப் பாத்தான். "என்னோடது இல்லை" என்றான்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலை ஐயா" என்றா சீரங்காயி.

இன்னொரு தடவை சொன்னான், ஊர் கேக்கச் சொன்னான்.

அப்புறம் இந்த நாத்தத்தை எடுத்துட்டுப் போங்கன்னு கெஞ்சினான். எடுக்கலாம், வண்டிக்கூலி ஆகுமேன்னாங்க ஊர்க்காரங்க. முதல் வண்டிக்கு ஒரு படி. ரெண்டாவது வண்டிக்கு ஒரு மரக்கால். மூணாவது வண்டியிலிருந்து ஒரு மூட்டை. ஏன்டா ஏறுதுன்னு அலறினான்.

இருளப்பன் நிதானமாச் சொன்னாராம், "ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு ராஜா சண்டை போடுறாங்க ஐயா. நாங்க என்ன செய்யட்டும்."

கூலியா வாங்கின மூட்டையெல்லாம் வந்த வழியே அவங்கவங்க வீட்டுக்குப் போச்சு. சீரங்காயி வயல்ல அன்னைக்கே கிடை போட்டாங்க, விதைநெல்லு குதிர்லிருந்து நேரா வயலுக்குப் போச்சு, பின்னாலயே மழையும் வந்துச்சு.

அந்தக் கல்லு என்னாச்சுன்னு கேக்கிறியா? அறுப்பு முடிஞ்சதும் சீரங்காயி ஒரு கல்தச்சரைக் கூட்டிக்கிட்டு சந்தைவாசலுக்குப் போய், எருவுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, வயித்துக்கு இவ்வளவுன்னு சத்தமாச் சொன்னா. ராஜாவே வெளியே வந்து, புது விலையை வெட்டுன்னார். வருஷா வருஷம் அப்படித்தான் வெட்டினாங்களாம். ஒரு வருஷம் அவ போகலைன்னா ராஜா மறந்துடுவாராம், அதனால அவ கால் கடைசி வரைக்கும் நிக்கவே இல்லை.

நாளைக்கு உன்கிட்ட ஒருத்தன் கடல் தாண்டின சண்டையைச் சொல்லி விலையை ஏத்தினா, அந்த மாடு எங்கே மேஞ்சுதுன்னு கேளு. கதை களத்துக்குப் போச்சு, நெல்லு வீட்டுக்கு வந்துச்சு, நீ தட்டை எடுத்துக்கிட்டு வா.