ரெண்டு செகண்ட் நாக்கு

மாத்திரைக் கம்பெனி கேன்டீனில் டீ ஆறும், வடை ஆறும், தேவசகாயத்தின் வாய் மட்டும் ஆறாது.

அன்றைக்குப் பேசக் காரணமும் கிடைத்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் வாயிலேயே கரையும் மாத்திரை ஒன்று புதிதாக வந்திருந்தது. எத்தனை செகண்டில் கரைகிறது என்று பார்க்க ஆறு பேர் வேண்டும். மருந்து கலக்காத மாத்திரைதான். கடிக்காமல், விழுங்காமல் நாக்கில் வைத்திருந்து, கரைந்ததும் கை தூக்க வேண்டும். ஐந்து பேர் கிடைத்தாயிற்று. ஆறாவது இடத்துக்குத் தேவசகாயமும் பேக்கிங் வேதவல்லியும் முந்தின நாள் மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டியிருந்தார்கள்.

வேதவல்லியின் முழங்கால் நின்று நின்று வீங்கியிருந்தது. அந்த இடம் கிடைத்தால், சோதனை நடக்கும் மூன்று மாதமும் லேபில் நாற்காலியில் உட்காரலாம். ஆனால் பயத்தில் வாய் உலர்ந்து, அவளுக்கு முப்பத்து நாலு செகண்ட் ஆகிவிட்டது. தேவசகாயத்துக்கு ரெண்டே செகண்டாம். அவரே சொன்னார், பொய் சொல்கிற வாயா அது?

"ரெண்டு செகண்ட் எனக்குக் கேவலம்மா," என்றார் தேவசகாயம். "பழைய கம்பெனியில வெள்ளைக்காரன் ஒருத்தன் சோதிக்க வந்தான். நாக்கைத்தான் நீட்டினேன். மாத்திரை அவன் கையிலேயே கரைஞ்சு போச்சு."

"கை கரையலையாண்ணே?" என்றாள் பக்கத்தில் இருந்த கதீஜா.

"மோதிரம் போச்சு. பாவம், கல்யாண மோதிரம்."

வேதவல்லி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். இந்த வாய்க்குப் போய் நாற்காலியா?

சோதனையை நடத்தும் லேப் மேடம் உள்ளே வந்தார். தேவசகாயத்தின் குரல் ஒரு படி ஏறியது.

"ஒரு தடவை குடோன் வாசல்ல கொட்டாவி விட்டேன். நாப்பது பெட்டி மாத்திரையும் கஞ்சி!"

"அப்போ உங்க பல்லு மட்டும் எப்படிண்ணே மிச்சம்?" என்றாள் கதீஜா.

"யார் சொன்னா? இது கட்டுன பல்லு. வருஷத்துக்கு ஒரு செட் கரையும். போன பொங்கலுக்கு மாவுல உப்பு பார்க்க ஆட்டுக்கல்லுல நாக்கை வச்சேன். எடுக்கும்போது அது அம்மி!"

லேப் மேடம் டீயோடு அருகே வந்து நின்றார்.

"தேவசகாயம், நேத்து நீங்க கை தூக்கினதும் வாயைத் திறக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? மாத்திரை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல முழுசா உட்கார்ந்திருந்தது."

"முந்தணும்னுதான் மேடம்..."

"இது ஓட்டப்பந்தயமா? மாத்திரைக்குத்தான் பரீட்சை, உங்களுக்கு இல்ல. மத்தவங்க அஞ்சு பேருக்கும் முப்பதுக்கு மேலதான் ஆச்சு. எனக்கு சாதாரண வாய்தான் வேணும். வேதவல்லியக்கா, நாளையிலிருந்து லேபுக்கு வந்துடுங்க."

வேதவல்லிக்கு மறுபடியும் வாய் உலர்ந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

மேடம் போனதும் தேவசகாயம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பார்த்தீங்களா, என் நாக்கை இந்தக் கம்பெனியால தாங்க முடியல."

வேதவல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்களாலயும்தான்ணே."